கோப்பி அழியாத ஊவா

இலங்கையின் ஊவாவை மையமாக வைத்து ஒரு மாற்று வரலாற்று ஆட்டத்தை வடிவமைக்க உட்காருபவர் கையில் முதலில் அகப்படுவது போர்தான். 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் படையோடு அழிந்தார். 1817இல் ஊவா வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து, ஓராண்டுக்கு மேல் அவர்களைத் திணறடித்தார்கள். இரண்டிலும் வீரம் இருக்கிறது, துரோகம் இருக்கிறது, மலைக்கணவாய் இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் தோன்றிய மஞ்சள் தூளைத்தான் தொடக்கப் புள்ளியாக எடுக்க வேண்டும் என்பது என் வாதம். அந்தத் தூள் வராமலோ பிந்தியோ இருந்தால் இந்த மலைகளில் மாறியிருக்கக்கூடியது என்ன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இவ்வகை ஆட்டங்களில் பழக்கமில்லாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சுவீடனின் பாரடொக்ஸ் நிறுவனம் வெளியிடும் வரலாற்று உத்தி ஆட்டங்களில் ஆடுபவர் ஒரு வீரராகவோ தளபதியாகவோ இருப்பதில்லை. ஒரு நாட்டையே கையில் எடுத்துக்கொள்கிறார். வரி, சட்டம், சாலை, படை, வணிகம் எல்லாம் அவர் பொறுப்பு. ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ 1444 நவம்பரில் தொடங்கி 1821இல் முடியும். ‘விக்டோரியா 3’ 1836 முதல் 1936 வரை. ‘ஹார்ட்ஸ் ஒஃப் அயர்ன் 4’ 1936இல் தொடங்கி இரண்டாம் உலகப் போருக்குள் போகும். இவற்றின் நிகழ்வுகள், சட்டங்கள், பண்டங்கள், மக்கள் பிரிவுகள் பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கின்றன. ‘இந்த நிபந்தனை நிறைவேறினால் இந்த விளைவு’ என்ற வடிவில் எழுதப்பட்ட வரிகள் அவை. யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். அப்படித் திருத்தி எழுதிய தொகுப்பை ‘மொட்’ என்பார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனி வென்றிருந்தால் என்ற கேள்வியின்மேல் எழுந்த ‘கைசர்ரைக்’ அவற்றில் பேர்பெற்றது.

1817-18 எழுச்சியை ஏன் விட்டுவிட வேண்டும்? முதல் காரணம் வெறும் நாட்காட்டி. யூரோப்பாவில் அது ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் வருகிறது. விக்டோரியா தொடங்கும்போது நடந்து முடிந்து 18 ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. அந்த எழுச்சியின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1817 செப்டம்பரில் பதுளையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். எழுச்சியை அடக்க ஆளுநர் பிரவுன்றிக் அனுப்பிய கெப்பெட்டிபொல திசாவை மக்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். தன்னிடம் தந்திருந்த ஆயுதங்களை ஆங்கிலேயருக்கே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார். அரியணை கோரியவர், வேலூரில் சிறைவைக்கப்பட்டிருந்த கடைசிக் கண்டி அரசனின் உறவினர் துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் வில்பாவ என்னும் முன்னாள் பிக்கு. புத்தரின் தந்ததாது எழுச்சிக்காரர் வசம் இருந்தது; 1818இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியதும் மக்கள் மனம் தளர்ந்தது. நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது.

எழுதுகிறவருக்கு இதில் ஆசை பிறக்காமல் இராது. தந்ததாது பிடிபடவில்லை என்று ஒரே ஒரு வரியை மாற்றினால் போதாதா? போதாது. சென்னையில் இருந்து சிப்பாய்ப் படைகள் வந்துகொண்டே இருந்தன. கடல் முழுவதும் ஆங்கிலேயர் கையில் இருந்தது. வயல்களையும் வீடுகளையும் எரித்து, கால்நடைகளைக் கொன்று, பட்டினியால் பணியவைக்கும் போர் அது. தாது கைமாறாமல் இருந்தாலும் அடுத்த அறுவடைக்கு விதைநெல் இருந்திராது. எழுச்சி வெல்ல வேண்டுமானால் சென்னையை மாற்ற வேண்டும், இலண்டனை மாற்ற வேண்டும், இந்து சமுத்திரத்தை மாற்ற வேண்டும். அவ்வளவையும் மாற்றிய பிறகு கிடைப்பது ஊவாவின் மாற்று வரலாறாக இருக்காது. வேறொரு உலகமாகத்தான் இருக்கும். வரலாறு மாறத் தொடங்கும் விலகல் புள்ளி சிறியதாக, நம்பக்கூடியதாக, அந்த மண்ணிலேயே நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். விளைவு மட்டும் பெரிதாக இருக்கலாம்.

இனி மடுல்சீமைக்கு வருவோம். விக்டோரியா ஆட்டம் தொடங்கும் 1836 இலங்கைக் கோப்பிக்கு மிகப் பொருத்தமான ஆண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பிக்கும் கிழக்கின் கோப்பிக்கும் பிரித்தானியா ஒரே சுங்க வரி வைத்தது. அடிமை முறை ஒழிப்போடு மேற்கிந்தியத் தோட்டங்கள் தளர்ந்தன. 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்து, உறுதி காட்ட முடியாத காட்டையெல்லாம் அரசுடைமை ஆக்கியது. துரைமார் அந்தக் காட்டை வாங்கி வெட்டி எரித்தார்கள். கண்டியில் தொடங்கிய கோப்பி, அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அப்புத்தளை, பதுளை, மடுல்சீமை மலைகள் வரை படர்ந்தது. இடையிலே வேறு மரமே இல்லாமல், ஒரு மலைச்சரிவில் இருந்து அடுத்த மலைச்சரிவுக்கு ஒரே செடி.

அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் 1869இல் சில செடிகளின் இலைகளில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சளும் செம்மையும் கலந்த தூள். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பேராதனைப் பூங்காவின் இயக்குநர் த்வெயிட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சை ஆய்வாளர் பெர்க்லி அதே ஆண்டில் அதற்கு ‘ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. இலை நனைந்திருந்தால் முளைத்து உள்ளே இறங்கும், காய்ந்திருந்தால் காத்திருக்கும். இலை உதிரும், செடி மறுபடி துளிர்க்கும், மறுபடி உதிரும். உடனே சாவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் பலம் இழந்து, காய்ப்பது குறைந்து, கடைசியில் விறகாகும்.

ஆட்டத்தை வடிவமைப்பவர் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். நோய் மெதுவாகக் கொன்றது. அதே நேரத்தில் 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறைந்தும் வருமானம் குறையவில்லை என்பதால் துரைமார் பயப்படவில்லை. இன்னும் காட்டை வெட்டி நட்டார்கள். 1878இல் கோப்பிப் பரப்பு 2,75,000 ஏக்கரைத் தொட்டது; நோய் தோன்றி ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் தோட்டங்கள் உச்சப் பரப்பை எட்டின. 1870இல் ஏறத்தாழ 10 கோடி இறாத்தலாக இருந்த ஏற்றுமதி 1889இல் 50 லட்சம் இறாத்தலாக விழுந்தது. நடுவில் 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி கவிழ்ந்தது. விலை என்ற திரை அந்த அழிவை மறைத்துவைத்திருந்தது. ஆட்டத்திலும் அப்படியே மறைய வேண்டும். விளைச்சல் எண்ணைச் சிவப்பு நிறத்தில் காட்டி எச்சரிக்கும் வழக்கமான முறையை இங்கே கைவிட வேண்டும் என்பேன். கருவூலம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் பக்கத்து அட்டவணையைத் திறந்து பார்க்கிறவருக்கு மட்டுமே விளைச்சல் சரிவது தெரியட்டும்.

நிகழ்வின் வாசகத்தை எழுதிப் பார்க்கலாம். தலைப்பு: ‘மடுல்சீமையில் மஞ்சள் தூள்’. உள்ளே: ‘பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கோப்பி இலை காலத்துக்கு முந்தி உதிர்கிறது. பேராதனையில் இருந்து வந்த கடிதம் கவலை தெரிவிக்கிறது. தோட்டக்காரர் சங்கம் உரம் போட்டால் சரியாகிவிடும் என்கிறது.’ கீழே மூன்று தெரிவுகள். நோய்பட்ட தோட்டங்களை வெட்டி எரிப்பது முதலாவது. பெரும் நட்டஈடும் தோட்டக்காரர் பகையும் வரும். உரமிட்டுச் சமாளிப்பது இரண்டாவது. சில ஆண்டு விளைச்சல் குறையாமல் நிற்கும், நோயும் போகாமல் நிற்கும். விலை ஏறுவதைக் கொண்டு புதுக்காடு திறப்பது மூன்றாவது. வரலாற்றில் நடந்தது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தது. முதலாவதை எடுத்தால்தான் மாற்றுப் பாதை திறக்கும். ஆனால் எடுக்கிறவருக்கு உடனடிப் பரிசு எதுவும் இருக்கக்கூடாது. அந்தக் காலத்தில் அப்படி முடிவெடுத்திருக்கக்கூடிய அதிகாரி எதைச் சுமந்திருப்பாரோ, அதை ஆடுபவரும் சுமக்க வேண்டும்.

அடுத்த கேள்வி: எரித்தால் பூஞ்சை போய்விடுமா? போகாது. காற்றில் பரவும் வித்தை ஒரு சட்டத்தால் நிறுத்த முடியாது. 1880இல் வந்து இரண்டாண்டு ஆராய்ந்த மார்ஷல் வார்ட், ஒரே பயிரைத் தடையின்றி நட்டதுதான் நோய்க்கு ஓடுபாதை அமைத்துக் கொடுத்தது என்று விளக்கினார். ஆகவே நம்பக்கூடிய மாற்றம் நோயைப் பிந்தவைப்பது மட்டுமே. எரிப்பதும், தோட்டங்களுக்கு இடையே காட்டை விட்டுவைப்பதும், நிழல் மரம் வளர்ப்பதும் சேர்ந்து ஒரு இருபத்தைந்து ஆண்டு அவகாசம் வாங்கித் தரலாம் என்று வைத்துக்கொள்கிறேன். ஊவாவுக்கு இன்னொரு சிறு அனுகூலமும் உண்டு. நடு ஆண்டில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். காய்ந்த இலையில் வித்து முளைக்காது. நோய் பரவும் விகிதத்தை மழைப்பருவத்தோடு கட்டிவிட்டால், ஈரமான மேற்கு மலைகள் முதலில் விழுந்து, ஊவா கடைசியாக விழும் ஓர் ஓட்டம் ஆட்டத்தில் இயல்பாகவே உருவாகும்.

ஒன்றை நீக்கிவிட்டு அதன் இடத்தை எது நிரப்பும் என்று பார்ப்பதுதான் இந்தக் கலையின் உயிர். 1996இல் வந்த ‘ரெட் அலர்ட்’ ஆட்டத்தில் ஐன்ஸ்டைன் காலத்தில் பின்னோக்கிப் போய் ஹிட்லரை நீக்கிவிடுகிறார். அந்த வெற்றிடத்தில் ஸ்டாலினின் படை ஐரோப்பாவுக்குள் நுழைகிறது. பொருளியலாளர் ரொபர்ட் ஃபோகல் 1964இல் ரயில் பாதையே இல்லாத அமெரிக்காவைக் கணக்குப் போட்டுப் பார்த்து, கால்வாய்களும் வண்டிப் பாதைகளும் பெரும்பகுதியை ஈடுகட்டியிருக்கும் என்று காட்டினார். எங்கள் கணக்கில் அந்த வெற்றிடத்தை நிரப்ப பிரேசில் காத்திருக்கிறது. 1890களின் பிற்பாதியில் பிரேசிலின் அளவுமிஞ்சிய விளைச்சலால் உலகக் கோப்பி விலை சரிந்தது. 1906இல் பிரேசில் மாநிலங்கள் கோப்பியைத் தாங்களே வாங்கிக் குவித்து விலையைத் தூக்க வேண்டியதாயிற்று. நோயில் இருந்து காப்பாற்றிய ஊவாக் கோப்பியை 1897 அளவில் விலை அடிக்கும். அதற்குள் தேயிலைக்கு மாறாமல் இருந்தால் அடி இன்னும் பலமாக விழும். இது ஆடுபவருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ஆட்டம் நேர்மையாக இருக்கிறது என்பதற்கு இந்த ஏமாற்றமே சான்று.

இவ்வளவும் பயிர்க் கணக்கு. நான் இந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதற்குக் காரணம் ஆட்களின் கணக்கு.

கோப்பிக்குப் பருவம் உண்டு. பழம் சிவக்கும் சில மாதங்களுக்குத்தான் பெருங்கூட்டம் வேண்டும். தமிழ்நாட்டில் இருந்து ஆள்திரட்டும் கங்காணியின் பின்னால் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறிய கூட்டத்தில் பெரும்பகுதி ஆண்கள். பழம் பறித்து, பல்பர் இயந்திரத்தில் தோல் உரித்து, தொட்டியில் கழுவி, களத்தில் காயவைத்து, வண்டியில் ஏற்றிவிட்டால் வேலை தீர்ந்தது. மிச்ச வேலையைக் கொழும்பு ஆலைகள் பார்த்துக்கொண்டன. வந்தவர்களில் பலர் கையில் மிஞ்சியதை முடிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். வழியில் செத்தவர்கள் திரும்பவில்லை.

கோப்பியின் இடத்தில் வந்த தேயிலைக்கு அப்படி ஒரு முடிவே கிடையாது. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே செடியில் கொழுந்து வந்து நிற்கும். இன்று எடுக்காவிட்டால் நாளைக்கு முற்றிப்போகும். எடுத்த கொழுந்தை அன்றே வாட்டப்போட்டு, தாமதமின்றி அரைத்து, பதமாக்கி, காயவைக்க வேண்டும் என்பதால் ஆலை தோட்டத்துக்குள்ளேயே வர வேண்டியிருந்தது. ஆண்டு முழுக்க விடியற்காலைப் பிரட்டுக்கு ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைக்கும் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போடலாம். லயத்துக் காம்பிராவில் அடுப்பு நிரந்தரமாக எரியத் தொடங்கியது அப்போதுதான். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக நின்றது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி ‘துண்டு’ என்ற சீட்டு கட்டிப்போட்டது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. மலையகத் தமிழர் என்று இன்று சொல்லப்படும் மக்கள், ஒரு செடி செத்து இன்னொரு செடி வந்ததால் இந்த மண்ணில் ஊன்றியவர்கள். மடுல்சீமையின் மஞ்சள் தூளை நீக்கினால் எங்கள் பாட்டன் பூட்டன் இங்கே தங்கியதற்கான காரணத்தையும் சேர்த்து நீக்குகிறோம்.

ஆட்டத்தின் இயந்திரம் இதை அறியாது. விக்டோரியாவில் கோப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம் இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள்தான். ஆனால் இரண்டுமே ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஆட்களை வைத்துக்கொள்கின்றன. ஒரு குடும்பம் புலம்பெயர்ந்து வந்தால் வந்ததுதான். பருவம் முடிந்தது என்று திரும்பிப் போகும் வழக்கம் அங்கே கிடையாது. அதாவது திருத்தாத ஆட்டத்தில் கோப்பிக் காலத்திலேயே ஊவாவில் குடியேற்றம் முடிந்துவிடும். எங்கள் தொகுப்பில் முதலில் எழுத வேண்டிய நிரல் போர் பற்றியதாக இருக்க முடியாது. மாதம் ஒருமுறை இயங்கி, அறுவடை மாதங்களில் தமிழ்நாட்டு மக்கள் தொகையில் ஒரு பகுதியை மலைக்குக் கொண்டுவந்து, அது முடிந்ததும் சாவுக் கணக்கைக் கழித்துக்கொண்டு திருப்பி அனுப்பும் நிரல்தான் முதல் வேலை. அதோடு ‘கடன்’ என்று ஓர் எண் வேண்டும். அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திரும்பும் விகிதம் குறையும். இந்த இரண்டையும் எழுதிவிட்டால், கோப்பியையும் தேயிலையையும் தொடாமலே மக்கள் நகர்வதும் தங்குவதும் தாமாகவே மாறிக் காட்டும்.

வரைபடத்திலும் திருத்தம் வேண்டும். உலக வரைபடத்தில் இலங்கை ஒரு சிறு துண்டு. ஊவா அதில் ஒரு விரல்நுனி. ஆகவே பெரிய வரைபடத்தை விட்டுவிட்டு, ஊவாவுக்கென ஓர் உள்வரைபடம் வரைந்துகொள்வது நல்லது. அதில் பெரகல சந்திக்கு நகரங்களுக்கு நிகரான இடம் கொடுப்பேன். இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக வரும் கொழும்புப் பாதை இங்கே பிரிகிறது: ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலி-எலவுக்கும் பதுளைக்கும் ஏறுகிறது, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. ரயில் 1885இல் நானு ஓயா வரைதான் வந்திருந்தது. அப்புத்தளைக்கு 1893இல்தான் வந்தது. பதுளைக்கு 1924வரை வரவில்லை. அதுவரை மலையில் இருந்து மூட்டை இறங்குவதும், ஆட்களுக்கு அரிசி ஏறுவதும் மாட்டு வண்டியில்தான். வண்டிக் கூலி ஏறினால் தோட்டத்தில் அரிசி விலை ஏறும். அரிசி விலை ஏறினால் கங்காணியின் கணக்கில் கடன் ஏறும். சாலையின் ஒரு சந்தியில் வைத்த ஓர் எண், லயத்தில் ஒரு குடும்பம் ஊர் திரும்புமா என்பதைத் தீர்மானிக்கும். கோப்பி செழித்திருந்தால் ரயில் பதுளைக்குச் சீக்கிரம் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. அப்படி வந்தால் அரிசி மலியும், கடன் இளகும், பருவகாலப் போக்குவரத்து இன்னும் எளிதாகும். ஊவாவில் குடியேறுவோர் இன்னும் குறைவார்கள்.

சிங்களக் கிராமங்களை இந்தக் கணக்கில் விட்டுவிட்டால் அது தோட்டத்துரை எழுதிய வரலாறாகிவிடும். கோப்பி துரைமாரின் சொத்தாக மட்டும் இருக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் நாலு செடி வைத்திருந்த கிராமத்தவரின் கோப்பியும் ஏற்றுமதியில் கணிசமான பங்கு வகித்தது. அவர்கள் கையில் காசு வந்த வழி அதுதான். நெல்வரியைக் காசாகக் கட்ட உதவியதும் அதுதான். கோப்பித் துரு எனப்படும் அந்தப் பூஞ்சை நோய் அவர்களுடைய செடிகளையும் கொன்றது. 1880களில் மலைநாட்டின் பல இடங்களில் வரி கட்ட முடியாமல் வயல்கள் ஏலம் போயின. எனவே கோப்பி பிழைத்த பாதையில் இந்த மக்களின் நிலை சற்று மேலாக இருக்க வேண்டும். 1840இல் பறிபோன காட்டை மட்டும் அது திருப்பித் தராது. ஒரே விலகல் ஒருவருக்கு நன்மையாகவும் இன்னொருவருக்கு வெறுமையாகவும் முடிகிறது. ஆடுபவர் இரண்டையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும்.

அந்த வெறுமை என்ன ஆகும்? வடிவமைப்பில் எல்லோரும் நழுவிவிடும் இடம் இது. ‘ஊவாவில் குடியேற்றம் நடக்கவில்லை’ என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள். ஆனால் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த பஞ்சத்தை மடுல்சீமையின் பூஞ்சை கொண்டுவரவில்லை. எங்கள் மாற்றுப் பாதையிலும் அது வரும். லட்சக்கணக்கானோர் சாவார்கள், மிச்சமிருப்பவர்கள் எங்காவது போக வேண்டும். சேலம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களில் இருந்து அப்புத்தளைக்கு வந்து தங்கியிருக்க வேண்டிய குடும்பம் அங்கே தங்க முடியாவிட்டால், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாவுக்குப் போகலாம். பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் போகலாம். ஊரிலேயே செத்தும் போகலாம். நாலுக்கும் விகிதம் வைத்து எழுத வேண்டும். மலாயாவுக்குப் போனவர்களின் பிள்ளைகளை ஜப்பானியர் 1942-43இல் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்வார்கள். பர்மாவுக்குப் போனவர்கள் 1942இல் மலையும் காடும் கடந்து நடப்பார்கள். மாற்று வரலாறு என்றால் துயரம் நீங்கிய வரலாறு என்று பொருளில்லை. அந்தத் துயரம் எந்தத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டும் பொறுப்பு எழுதுகிறவருடையது. என் மக்களை நானே வரைபடத்தில் இருந்து எடுக்கிறேன் என்றால், எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று சொல்ல நான் கடமைப்பட்டவன்.

இதற்காகவே ஆட்டம் 1936இல் நிற்கக்கூடாது. முடிவு ஆண்டைத் தீர்மானிக்கும் வரி அமைப்புக் கோப்பில்தான் இருக்கிறது. அதை 1948இன் இறுதிக்கு நகர்த்தலாம். இடையில் 1931 வருகிறது. ஆசியாவில் முதன்முதலாக அனைவருக்கும் வாக்குரிமை தந்த நாடுகளில் இலங்கை முன்னின்ற ஆண்டு. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அந்த வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று மனிதர்கள் பங்கு பிரிக்கப்பட்டார்கள்.

கோப்பி பிழைத்த பாதையில் இந்தச் சட்டத்துக்கு என்ன ஆகும்? ஆடுபவர் அழுத்த ஒரு ‘சட்டத்தை நிராகரி’ பொத்தான் வைப்பது மிக எளிது; மிகத் தவறானதும் அதுதான். 1948 ஓர் அறைக்குள் எடுத்த முடிவு மட்டுமல்ல. எத்தனை தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர் வாக்கு முடிவை மாற்றியது, இடதுசாரிகள் அந்த வாக்கால் எவ்வளவு பயனடைந்தார்கள், கிராமத்துக் காணிப் பசி எவ்வளவு என்ற எண்கள் சேர்ந்து பிறப்பித்தது அது. ஆகவே அந்த எண்களைக் கொண்டே சட்டம் எழவோ எழாமலோ விட வேண்டும். குடியேற்றம் குறைந்த ஊவாவில் சட்டம் பிறக்காமல் போகலாம். சட்டம் இல்லை என்பதால் அங்கே நீதி நிலைத்தது என்று ஆட்டம் வாழ்த்துச் சொல்லக்கூடாது. உரிமை பறிக்க ஆள் இல்லாததால் பறிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்த பாதை மூன்றாவது ஒன்று: துரு வழக்கம்போல 1869இல் வருகிறது, தேயிலை வருகிறது, மக்கள் தங்குகிறார்கள், ஆனால் துண்டு முறை 1921க்குப் பதிலாக முப்பது ஆண்டு முந்தி ஒழிகிறது. கடன் கட்டு அவிழ்ந்தால் தோட்டத்துக்கு வெளியே காணி வாங்கியவர்கள், பண்டாரவளையிலும் பசறையிலும் கடை போட்டவர்கள், பள்ளிக்கூடம் கேட்டவர்கள் அரை நூற்றாண்டுக்குள் பெருகியிருப்பார்கள். கிராமத்தோடு உறவும் பகையும் அப்போது வேறு மாதிரி இருக்கும். 1948ஐ வந்தடையும்போது யாரை வெளியே தள்ளுவது என்ற கேள்விக்கே வேறு விடை கிடைக்கலாம். அந்தப் பாதையில் ஒரு பூஞ்சையைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஒரு சீட்டை மாற்றினால் போதும்.

எழுதி முடித்ததும் ஆடுபவர் யாரும் இல்லாமல் கணினியையே நூறாண்டு ஓட விட்டுப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் 1911. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று கணக்கெடுப்பு தனித்தனியாக எண்ணத் தொடங்கிய ஆண்டு அது. திருத்தாத ஆட்டத்தில் ‘தமிழர்’ என்று ஒரே பிரிவுதான் இருப்பதால், கடல் கடந்து வந்து மலையில் ஒரு தலைமுறை தங்கியவர்களைத் தனியாகப் பிரித்தெண்ணும் நிபந்தனையை நாம்தான் எழுத வேண்டும். கோப்பிப் பாதையில் 1911இல் ஊவாவில் அந்தப் பிரிவு பெருங்கூட்டமாக நின்றால் பருவகால நிரல் வேலை செய்யவில்லை. ஒருவரும் இல்லை என்று காட்டினாலும் தவறுதான். கோப்பிக் காலத்திலேயே கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் வண்டிக்காரர்களும் கடைக்காரர்களும் தங்கியிருந்தார்கள். நடுவில் ஒரு எண் வரும்வரை கடனையும் வண்டிக் கூலியையும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். அந்த எண்ணைத் தொட்டால் வராத குடும்பங்கள் எந்தத் துறைமுகத்தில் இறங்கின என்ற பட்டியல் விரிய வேண்டும். பட்டியலுக்கான நிரலை முதலில் எழுதுவோம். படங்களை அதற்குப் பிறகு வரையலாம்.